பருவ நிறைவுக் கலப்பு கர்லிங் போட்டி: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவில் குடியேறிய பிள்ளைகளிடமிருந்து பங்குனி மாதம் நெருங்கும்போது ஓர் அழைப்பு வருவது எங்கள் உறவு வட்டத்தில் வழக்கமாகிவிட்டது. கர்லிங் சங்கத்தின் பருவம் முடியப்போகிறது, கடைசியாக ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் போட்டி நடக்கும், அணியில் ஓர் ஆள் குறைகிறது, நீங்கள் அந்த நேரத்தில் வந்தால் எங்களோடு சேர்ந்து ஆடலாம் என்பதே அதன் சாரம். நான் கனடாவில் ஐந்து பருவங்கள் இந்த ஆட்டத்தை ஆடிவிட்டுத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் திரும்பியவன் என்பதால், இந்நகரின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் உள்ள குடும்பங்கள் விமானச் சீட்டு வாங்கும் முன் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கர்லிங் என்றால் என்ன? தொலைக்காட்சியில் பார்த்தும் புரியவில்லையே?

டர்பனில் பௌல்ஸ் ஆடியவர்களுக்கு இதில் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும். பௌல்ஸில் புல்தரையில் பந்துகளை உருட்டி வெள்ளைப் பந்துக்கு அருகே நிறுத்துகிறோம். கர்லிங்கில் பனித்தளத்தின் மீது கருங்கற்களைச் சறுக்க விட்டு, தளத்தின் மறுமுனையில் வரையப்பட்டிருக்கும் வட்டங்களின் நடுவே நிறுத்துகிறோம். அந்த வட்டக் கட்டுக்கு ஹவுஸ் என்று பெயர். வெளிவட்டத்தின் விட்டம் சுமார் 3.66 மீட்டர். கல்லை விடுபவர் காலை ஊன்றி உந்தும் இடத்திலிருந்து எதிர்ப்புற ஹவுஸின் மையம் 38.4 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நால்வர் கொண்ட அணியில் ஒவ்வொருவரும் இரண்டு கற்கள் வீதம் எட்டுக் கற்களை எதிரணியோடு மாறி மாறி விடுவார்கள்; பதினாறு கற்களும் முடிந்தால் ஒரு சுற்று முடிந்தது. மையத்துக்கு மிக அருகில் எந்த அணியின் கல் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே அந்தச் சுற்றில் புள்ளி கிடைக்கும். எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட மையத்தை நெருங்கி ஹவுஸில் இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி. கல் விடும் வரிசைப்படி நால்வருக்கும் வழங்கும் லீட், செகண்ட், தேர்ட், ஸ்கிப் என்ற பெயர்கள்கூட பௌல்ஸில் உள்ளவையே.

இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. பௌல்ஸ் பந்தின் ஒரு பக்கச் சாய்வே அதை வளைக்கிறது; கர்லிங் கல்லோ எப்பக்கமும் சமச்சீரானது, விடும்போது கைப்பிடியை மெல்லத் திருப்பிக் கொடுக்கும் சுழற்சியால் வளைகிறது. மற்றொன்று, கையை விட்டுப் போன பௌல்ஸ் பந்தை நாம் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. கர்லிங்கில் கூட்டாளிகள் இருவர் கல்லுக்கு முன்னே பனியைத் துடைத்துக்கொண்டே ஓடி அதன் பயணத்தை மாற்ற முடியும். எதிராளியின் கல்லை அடித்து வெளியேற்றும் கலையைப் பொறுத்தவரை, வீட்டில் கேரம் பலகையோடு வளர்ந்தவர்களுக்குக் கோணங்களை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

பருவ நிறைவுப் போட்டி ஏன் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருகிறது?

வட அமெரிக்கச் சங்கங்கள் பெரும்பாலும் அக்டோபரில் பனித்தளம் அமைத்து, குளிர் விலகும்போது அதைக் கரைத்துவிடுகின்றன. பனியைக் கரைப்பதற்கு முந்தைய வார இறுதியில் வெற்றி தோல்வியைப் பெரிதுபடுத்தாத ஒரு போட்டியை வைத்து முடிப்பது பல சங்கங்களின் வழக்கம். பல அணிகள் கூடி ஒரு வார இறுதியில் ஆடும் இத்தகைய போட்டியை பான்ஸ்பீல் என்பார்கள். பருவம் முழுவதும் ஆண்கள் அணியிலும் பெண்கள் அணியிலும் தனித்தனியே ஆடியவர்கள் ஒன்றாக ஆட ஒரு வாய்ப்பு என்பதால் அது கலப்பு அணிப் போட்டியாக அமைவதுண்டு.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈஸ்டர் வார இறுதியில்தான் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் திருவிழா. மவுண்ட் எட்ஜ்கூம்பில் பெரிய வெள்ளியன்று தீமிதி. விரதம் ஏற்றவர்கள் வீட்டில் இருப்பின் தேதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வராமற்போனால் நால்வர் அணி மூவராகிவிடும். மூவரால் ஆட முடியுமென்றாலும் அது இன்பமான அனுபவமாக இராது.

கலப்பு அணி என்றால் விதி என்ன? ஆணும் பெண்ணும் எப்படி வேண்டுமானாலும் சேர்ந்து ஆடலாமா?

உலகப் போட்டிகளின் விதி தெளிவானது. இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் இருக்க வேண்டும். கல் விடும் வரிசையில் ஆண், பெண், ஆண், பெண் என்றோ பெண், ஆண், பெண், ஆண் என்றோ மாறி மாறி வர வேண்டும். தலைவரான ஸ்கிப்பும் துணைத்தலைவரான வைஸும் ஒரே பாலினத்தவராக இருக்கக் கூடாது. ஆட்டம் எட்டுச் சுற்றுகள். உலகக் கலப்பு அணி வாகையர் போட்டி 2015-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கியது. அதற்கு முன் 2005 முதல் ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டும் ஒரு கலப்புப் போட்டி நடந்துவந்தது. கனடாவின் தேசியக் கலப்புப் போட்டி இவற்றுக்கெல்லாம் மூத்தது. அது 1964-இல் தொடங்கியது.

சங்கத்தின் பருவ நிறைவுப் போட்டியில் இந்த விதிகள் தளர்த்தப்படலாம். மூன்று பெண்களும் ஓர் ஆணும் கொண்ட அணியை அனுமதிக்கும் இடங்கள் உண்டு. ஆகவே அழைப்பு அனுப்பிய பிள்ளையிடம் எண்ணிக்கையை மட்டும் கேட்காமல் வரிசை விதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அது ஏன் முக்கியம் என்பதை அடுத்த விடையில் சொல்கிறேன்.

கலப்பு அணியில் பெண்களை முதலிரண்டு இடங்களில் நிறுத்திவிட்டு ஆண்களே முடிவெடுப்பார்கள் அல்லவா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெண்களே கேட்கிறார்கள். பிற ஆட்டங்களில் கண்டதை வைத்துக் கேட்கிறார்கள் என்பதால் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். மேலே சொன்ன இரண்டு விதிகளும் இதற்கு இடம் தருவதில்லை. சுற்றின் தலைவிதியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கடைசிக் கற்கள். மூன்றாம் ஆட்டக்காரரான வைஸ் கல் விடும்போது ஹவுஸில் நின்று துடைப்பானை நீட்டிக் குறி காட்டுபவர் ஸ்கிப். கடைசி இரண்டு கற்களை ஸ்கிப் விடப் போகும்போது அந்த இடத்தில் வந்து நிற்பவர் வைஸ். எனவே ஓர் அணியின் எட்டுக் கற்களில் கடைசி நான்கிலும் விடுபவரும் குறி காட்டுபவரும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகவே இருப்பார்கள். ஒருவர் மற்றவர் சொல்லைக் கேட்காமல் இந்த நான்கு கற்களையும் நல்லபடி விட முடியாது.

வரிசைக்கு இன்னொரு விளைவும் உண்டு. அனுபவமுள்ள அணிகள் இதைத்தான் முதலில் யோசிக்கும். ஸ்கிப் பெண்ணாக இருந்து கடைசியில் விடுகிறார் என்று கொள்வோம். அப்போது வரிசை ஆண், பெண், ஆண், பெண். லீட் விடும் கற்களை செகண்டும் வைஸும் துடைப்பார்கள், அதாவது ஒரு பெண்ணும் ஓர் ஆணும். செகண்டாக இருக்கும் பெண் விடும் கற்களை லீட், வைஸ் ஆகிய இரண்டு ஆண்களும் துடைப்பார்கள். வைஸின் கற்களையும் ஸ்கிப்பின் கற்களையும் துடைப்பவர்கள் லீடும் செகண்டும், மீண்டும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஸ்கிப் ஆணாக இருந்தால் இது தலைகீழாகும்: செகண்டின் இரண்டு கற்களை இரண்டு பெண்கள் துடைப்பார்கள், மற்ற ஆறு கற்களில் மாற்றமில்லை. ஆகவே இரண்டு வரிசைகளுக்கும் இடையே துடைக்கும் வலிமையில் உள்ள வேறுபாடு எட்டில் இரண்டு கற்கள் மட்டுமே.

துடைப்பானின் மீது எவ்வளவு உடல் எடையைச் சாய்க்கிறோம், எவ்வளவு விரைவாகத் தேய்க்கிறோம் என்பவையே துடைப்பின் பயனைத் தீர்மானிக்கின்றன என்பதால் எடை மிகுந்தவருக்கு அதில் கொஞ்சம் அனுகூலம் உண்டு. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் அந்தச் சிறு அனுகூலத்துக்காக, கல்லின் வேகத்தையும் வளைவையும் நன்றாகக் கணிக்கும் ஒரு பெண்ணை ஸ்கிப் ஆக்காமல் விடுவது அறிவீனம். நான் ஆடிய அணிகளில் நன்றாக ஆடியவை இரண்டு. இரண்டுக்கும் ஸ்கிப் பெண்களே.

ஒலிம்பிக்கில் பார்த்த இருவர் ஆட்டமும் இதுதானா?

அன்று. அது கலப்பு இரட்டையர் என்னும் தனி ஆட்டம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சுற்றுக்கு ஐந்து கற்கள் விடுவார்கள். முதல் கல்லை விட்டவரே ஐந்தாம் கல்லையும் விட, நடுவிலுள்ள மூன்றையும் மற்றவர் விடுவார். இவை தவிர அணிக்கு ஒரு கல் சுற்று தொடங்கும் முன்பே தளத்தில் வைக்கப்பட்டிருக்கும். இது 2018-இல் பியோங்சாங் ஒலிம்பிக்கில் அறிமுகமாகி, கனடாவின் கேட்லின் லாஸ், ஜான் மோரிஸ் இணை தங்கம் வென்றது. 2022-இல் பெய்ஜிங்கில் இத்தாலியின் ஸ்டெஃபானியா கான்ஸ்டன்டினி, ஆமோஸ் மோசனர் இணை வென்றது. நால்வர் கலப்பு ஆட்டம் ஒலிம்பிக்கில் இல்லை. உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு எதற்கு என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இருவர் ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

கல் இருபது கிலோ என்கிறார்கள். அறுபது வயதில் அதைத் தூக்க முடியுமா?

தூக்க வேண்டாம். விதிப்படி கல்லின் எடை 17.24 முதல் 19.96 கிலோ வரை இருக்கலாம், பௌல்ஸ் பந்தோ அதிகம் போனால் 1.59 கிலோதான்; ஆனால் கர்லிங் கல் ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் பனியை விட்டு மேலே எழுவதில்லை. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள அயில்சா கிரெய்க் தீவின் கருங்கல் இந்தக் கற்களுக்குப் பேர்போனது. கல்லின் அடிப்பகுதி குழிவாக இருப்பதால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே பனியைத் தொடுகிறது. கை வலிமையால் தள்ளுவதும் இல்லை. காலால் உந்திச் சறுக்கும் உடலின் வேகத்தையே கல் எடுத்துக்கொள்கிறது.

சிரமம் எடையில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. ஒரு காலை மடித்து, மறு காலைப் பின்னே நீட்டித் தாழ்வாகச் சறுக்குவது பலருக்கு இயலாது. அதற்காகவே நீண்ட கோல் ஒன்று உண்டு; அதன் முனையைக் கல்லின் கைப்பிடியில் பொருத்தி நின்றபடியே, நடந்தபடியே விடலாம். சங்க அளவிலான போட்டிகளில் மூத்தவர்கள் கோலைப் பயன்படுத்துவதை எவரும் தாழ்வாகக் கருதுவதில்லை. சக்கர நாற்காலி கர்லிங்கிலும் இத்தகைய கோலையே பயன்படுத்துகிறார்கள். 2006-இல் டுரின் பாராலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட அந்த நால்வர் ஆட்டத்தில் துடைப்பதே கிடையாது, ஆண்களும் பெண்களும் கலந்த அணி என்பது அங்கே கட்டாயம்.

துடைப்பதால் உண்மையிலேயே ஏதேனும் நடக்கிறதா?

நடக்கிறது. ஆட்டத்துக்கு முன் பனியின் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறைய வைப்பார்கள். தளம் வியர்க்குரு போட்ட தோல் போல் ஆகிவிடும். கல் இந்தச் சிறு பருக்களின் மேலேயே செல்கிறது. தேய்க்கும்போது எழும் வெப்பம் அவற்றின் மேற்பரப்பில் உராய்வைக் குறைக்கிறது. கல் சில மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவதும் குறையும். எனவே துடைப்பவர்கள் கல்லின் வேகத்தைக் கவனித்துக்கொண்டிருக்க, ஸ்கிப் எதிர்முனையிலிருந்து அதன் திசையைக் கவனித்துக் கூவுவார். அங்கே எழும் கூச்சல் சண்டை அன்று.

கல் ஏன் வளைகிறது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை. மேசை மீது ஒரு டம்ளரை வலஞ்சுழியாகச் சுழற்றித் தள்ளினால் அது இடப்பக்கம் ஒதுங்கும். அதே சுழற்சியில் விடப்பட்ட கர்லிங் கல் வலப்பக்கம் ஒதுங்கும். இந்த ஒன்றை வைத்தே சாப்பாட்டு மேசையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கலாம்.

ஹேமர் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு சுற்றின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர். ஒரு சுற்றில் புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் முதலில் விட வேண்டும். ஹேமர் எதிரணிக்குப் போகும். எவரும் புள்ளி எடுக்காவிட்டால் ஹேமர் கைமாறாது. இந்த ஒரு விதியிலிருந்தே ஆட்டத்தின் சூட்சுமம் முழுவதும் பிறக்கிறது. ஹேமர் வைத்திருப்பவர் ஒரே ஒரு புள்ளியை எடுத்தால் உரிமையை மலிவாக விற்றதாகப் பொருள்; இரண்டோ அதற்கு மேலோ எடுக்கப் பார்ப்பார், முடியாவிட்டால் ஹவுஸில் இருப்பதையெல்லாம் அடித்து வெளியேற்றிச் சுற்றை வெறுமையாக முடித்து உரிமையைத் தக்கவைத்துக்கொள்வார். கடைசிக் கல்லை வேண்டுமென்றே ஹவுஸைத் தாண்டி விடும் ஸ்கிப்பைப் பார்த்து, கைதவறிவிட்டதே என்று பார்வையாளர் வரிசையிலிருந்து உச்சுக் கொட்டாதீர்கள்.

சங்கத்தின் புள்ளிப் பலகையை எப்படிப் படிப்பது?

என்னை முதல் பருவம் முழுவதும் குழப்பியது இந்தப் பலகைதான். தொலைக்காட்சியில் சுற்றுகளின் எண்கள் மேலே இருக்க, எடுத்த புள்ளிகள் கீழே தோன்றும். பல சங்கங்களின் பலகையில் இது நேர்மாறாக இருக்கும். நடுவரிசையில் 1, 2, 3 என்று நிரந்தரமாக எழுதப்பட்டிருப்பவை மொத்தப் புள்ளிகள். மேலும் கீழும் மாட்டப்படும் அட்டைகளில் இருப்பவை சுற்று எண்கள். முதல் சுற்றில் சிவப்பு அணி இரண்டு புள்ளி எடுத்தால், 1 என்ற அட்டை சிவப்பு வரிசையில் 2-க்கு நேரே தொங்கும். அடுத்த சுற்றில் மஞ்சள் அணி ஒன்று எடுத்தால், 2 என்ற அட்டை மஞ்சள் வரிசையில் 1-க்கு நேரே வரும். மூன்றாவதில் சிவப்பு அணி மூன்று எடுத்தால், 3 என்ற அட்டை சிவப்பு வரிசையில் 5-க்கு நேரே போகும். ஒவ்வொரு வரிசையிலும் வலக்கோடியில் உள்ள அட்டை எந்த எண்ணுக்கு நேரே இருக்கிறதோ அதுவே அந்த அணியின் மொத்தம். எவரும் புள்ளி எடுக்காத சுற்றின் அட்டையை மட்டும் பலகையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள்.

என்ன உடுத்த வேண்டும்? எவ்வளவு குளிராக இருக்கும்?

பனியின் மேற்பரப்பு சுமார் மைனஸ் 5 பாகையில் வைக்கப்படும்; கூடத்துக் காற்று அவ்வளவு கடுமையாக இராது, ஆனால் டர்பன் ஜூலை மாதக் காலையைவிடக் குளிர்ந்தே இருக்கும். மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிந்து, துடைத்து வியர்க்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், குனிந்து சறுக்க இடம் தராது. சேலையோடு ஆட விரும்பிய ஒரு பெரியம்மாவிடம் பார்வையாளர் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னே அமரும்படி கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

காலணியில் மட்டும் சமரசமே இல்லை. வீதியில் போட்ட காலணியோடு பனியில் கால் வைக்கக் கூடாது. ஒரு மணல் துகள் போதும், வேகமாக வரும் கல் தடுமாறித் திசைமாறிவிடும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் பழகியவர்களுக்கு இதை இருமுறை சொல்ல வேண்டியதில்லை. சுத்தமான ரப்பர் அடிக் காலணி ஒன்றைத் தனியே கொண்டு செல்லுங்கள். வலக்கையால் விடுபவர் இடக்காலுக்குச் சறுக்கு அட்டை ஒன்றைச் சங்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். உள்ளங்கையையோ முழங்காலையோ பனியில் ஊன்றிக்கொண்டு ஓய்வெடுக்காதீர்கள். உடற்சூட்டில் அந்த இடம் குழிந்துவிடும்.

முதல் ஆட்டத்தில் தோற்றால் வெளியேற வேண்டியதுதானா?

இல்லை. பெரும்பாலான பான்ஸ்பீல்களில் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி. முதல் ஆட்டத்தில் தோற்றவர்கள் இரண்டாம் பிரிவுக்கும், மீண்டும் தோற்றவர்கள் மூன்றாம் பிரிவுக்கும் இறங்குவார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி இறுதியாட்டமும் பரிசும் இருக்கும். எட்டுச் சுற்று ஆட்டம் சுமார் இரண்டு மணி நேரம் நீடிக்கும்.

நடுவர் இல்லையாமே? ஏமாற்றினால் யார் கேட்பது?

சங்க ஆட்டத்தில் நடுவர் இருப்பதில்லை. தவறு செய்தவரே அதைச் சொல்ல வேண்டும். என் முதல் பருவ நிறைவுப் போட்டியில், துடைத்துக்கொண்டு ஓடும்போது என் துடைப்பான் எங்கள் கல்லின் ஓரத்தை உரசிவிட்டது. எதிரணியினர் பார்க்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்று நான் தயங்கிய அந்த ஓரிரு நொடிக்குள் எங்கள் ஸ்கிப் என் முகத்தைப் படித்துவிட்டார், "தொட்டாயா?" என்று மட்டும் கேட்டார். கல் எதிர்முனை ஹவுஸுக்கு முன்னே உள்ள கோட்டை இன்னும் எட்டவில்லை என்பதால் விதிப்படி நாங்களே அதைத் தளத்திலிருந்து அகற்றினோம், அந்தச் சுற்றில் மூன்று புள்ளிகளை இழந்தோம். ஆட்டம் முடிந்த பின் எதிரணியினர் கைகுலுக்க முதலில் என்னிடம்தான் வந்தார்கள்.

வெல்ல வழியே இல்லை என்று தெரிந்தால், எட்டுச் சுற்றும் முடியும் வரை காத்திராமல் கையை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதும் இங்கே மரியாதைதான்.

ஆட்டத்துக்குப் பின் மது அருந்த வேண்டுமா? நாங்கள் விரதக்காரர்கள்.

வென்ற அணி தோற்ற அணிக்கு முதல் பானத்தை வாங்கித் தருவதும் இரு அணிகளும் ஒரே மேசையில் அமர்வதும் இந்த ஆட்டத்தின் நெடுநாள் வழக்கம். பானம் என்பது தேநீராகவோ பழச்சாறாகவோ இருக்கலாம். முக்கியம் மேசையில் அமர்வது. எழுந்து போய்விடுவதுதான் தவறாகக் கருதப்படும். நிறைவு நாளில் அவரவர் வீட்டிலிருந்து உணவு கொண்டுவரச் சொல்லும் சங்கங்கள் உண்டு. சைவ உணவு வேண்டுவோர் தாங்களே ஒரு பெரிய பாத்திரத்தில் பிரியாணியும் பருப்பும் கொண்டு போவது நல்லது. காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

டர்பனில் இருந்துகொண்டே என்ன பயிற்சி செய்யலாம்?

கல்லின் வேகத்தைப் பனியில்தான் பழக முடியும் என்பதால், போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரமாவது தளத்தில் கல் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இங்கே செய்யக்கூடியவை மூன்று. மாலையில் பத்து நிமிடம் ஒரு காலை முன்னே மடித்து, மறு காலைப் பின்னே நீட்டித் தாழ்ந்து அமர்ந்து தொடைக்கு வலிமை ஏற்றுங்கள். பௌல்ஸ் மைதானம் அருகில் இருந்தால் வாரம் ஒரு முறை போய், பந்தை எங்கே விட்டால் எங்கே வந்து நிற்கிறது என்று கோட்டைக் கணிக்கும் கண்ணைப் பழக்குங்கள். தரை துடைக்கும் நீண்ட கட்டையை எடுத்து, உடல் எடையை அதன் மேல் சாய்த்து இருபது நொடி விடாமல் தேய்த்துப் பாருங்கள். மூச்சு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கணவரும் மனைவியுமாகப் போகிறவர்கள் இந்த மூன்றாவது பயிற்சியை இருவருமே செய்ய வேண்டும்.